ரயில் புத்தகம், பஸ் புத்தகம், நீலப் பென்சில்

தலைக்கு மை பூசுகிறவர்களும், போதும் என்று பூசுவதை நிறுத்திவிட்டவர்களுமான என் வயதுக் கூட்டாளிகளே, உங்களில் எத்தனை பேர் புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் மோந்து பார்த்தீர்கள்? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நேரே முதல் வரியைப் படிக்கத் தொடங்கிய ஒழுங்கானவர்களுக்கு வேறு வேலை இருந்தால் போய்ப் பார்க்கலாம். நான் ஆம்பூர்க்காரி. எங்கள் ஊரில் எதையும் மோந்து பார்த்த பிறகுதான் நம்புவார்கள்.

ஊருக்கே ஒரு வாடை உண்டு. சுண்ணாம்புக் குழியும் ஊறுகிற தோலும் வேலம்பட்டையும் கலந்த டேனரி வாடை. வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னலை மூடிக்கொள்வார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்த வாடையைக் கிழித்துக்கொண்டு வருகிற ஒரே வாசனை, அன்றைக்குத்தான் கட்டுப் பிரித்த சித்திரக்கதைப் புத்தகத்தின் மை வாசனை. இன்றைக்கும் மூக்கு அதைத் தேடுகிறது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதினொரு வயது. என் அப்பாவுக்கு ஜோலார்பேட்டை ரயில்வே யார்டில் வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் ரெஸ்ட். ரெஸ்டுக்கு வீடு வரும்போது பிளாட்பாரத்துப் புத்தகக் கடையில் ஒரு சித்திரக்கதை வாங்கி, சாப்பாட்டுக் கேரியருக்கும் துண்டுக்கும் நடுவே சுருட்டிக்கொண்டு வருவார். அது மெட்ராசில் அச்சாவது. சிவகாசியில் அச்சாகிற இன்னொரு கம்பெனிப் புத்தகம், வேலூரிலிருந்து பஸ் மேலே கட்டாக வந்து எங்கள் பஸ் ஸ்டாண்டுக் கடையில் இறங்கும். கம்பெனிகளுக்குப் பெரிய பெரிய பெயர்கள் இருந்தன. எங்கள் தெருவில் அவை ரயில் புத்தகம், பஸ் புத்தகம், அவ்வளவுதான்.

ரயில் கட்சிக்கு நான் தலைவி. பஸ் கட்சிக்குத் தலைவி என் பக்கத்து வீட்டுத் தோஸ்த். வீட்டில் உருது பேசுவாள், பள்ளியில் என்னைவிட வேகமாகத் தமிழ் வாசிப்பாள், அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில். அந்தப் பக்கம் ஒரு துவைக்கிற கல், இந்தப் பக்கம் ஒரு துவைக்கிற கல். அதன் மேல் ஏறி நின்றுதான் வழக்கு.

"இன்னாடி உன் ரயில் புக்கு? ஆளுங்க மூஞ்சி எல்லாம் மஞ்சளா கீது. ஊரு மொத்தத்துக்கும் காமாலையா?"

"உன்னுது மட்டும் ஒழுங்கா? மூக்கு ஒரு எடத்துல கீது, மூக்கோட செவப்பு வேற எடத்துல கீது. சட்டை கலரு சட்டைய விட்டு வெளிய ஒழுகுது."

"ஒழுகினாலும் கலரு ஜாஸ்தி. உன்னுதுல பாதி பக்கம் கருப்பு வெள்ளை. பக்கமும் கம்மி."

"உன்னுதுல பின்னு துருப் புடிக்குது. போன மழையில படிச்சேன், வெரல்ல குத்திச்சு. எங்கம்மா ஊசி போட இட்னு போனாங்க."

அது உண்மை. என் அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். துரு என்றால் ஊசிதான்.

ரயில் புத்தகத்தில் கெட்டவர்கள்கூட "அற்பப் பதரே, ஒழிந்தாய்!" என்று மேடைத் தமிழ் பேசுவார்கள். பஸ் புத்தகத்தில் கடற்கொள்ளைக்காரன் "டேய், மவனே" என்பான். எங்கள் கட்சிக்கு நாயகன், பெரிய மீசை வைத்த ஒரு தீயணைப்பு வீரர். அவர்கள் கட்சிக்கு நாயகன், கப்பலேறிப் போன ஒரு பையன். எந்த நாயகன் பலசாலி, எந்தக் காகிதம் வழவழப்பு, எதில் அடுத்த இதழ் விளம்பரம் அதிகம் ஆசை காட்டுகிறது என்று பேசிப் பேசியே எங்களுக்குப் பொழுது விடியும், சாயும். உண்மையைச் சொல்கிறேன், இரண்டையும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து படித்தோம். ஆனால் என் கட்சியை விட்டால் அப்பாவையே விட்டுக்கொடுத்த மாதிரி எனக்குத் தோன்றும்.

அந்த வருஷம் இரண்டு கம்பெனியும் தீபாவளி மலர் அறிவித்தன. எங்கள் வீட்டிலும் தீபாவளி கிடையாது, அவர்கள் வீட்டிலும் கிடையாது. ஆனால் அந்தத் தீபாவளிக்கு எங்கள் இருவரைப் போல நாள் எண்ணிக் காத்திருந்தவர்கள் ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டார்கள். புதன்கிழமை மழையில் பஸ் மேலிருந்து கட்டு இறங்கியது. கடைக்காரர் சணலை அறுக்கும்போதே அவள் கையை நீட்டிவிட்டாள். மறுநாள் என் முறை. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ரெஸ்ட் என்பதால், பாசஞ்சர் வண்டி கார்டிடம் புத்தகத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். பிளாட்பாரத்தில் கடைசிப் பெட்டி நிற்கிற இடத்துக்கு நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு தண்டவாளத்தில் விழுந்தது. கார்டு கொடிக்குப் பதிலாகப் புத்தகத்தை ஆட்டிக் காட்டினார். செருப்பை எடுக்காமலே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மலரையும் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரே நாளில் மாற்றி மாற்றிப் படித்து முடித்தோம். முடித்ததும் சண்டை. அப்படி ஒரு சண்டை அதற்கு முன் வந்ததில்லை. தெருப் பிள்ளைகள் இரண்டு துவைக்கிற கல்லையும் சுற்றி நின்று ஏற்றிவிட, கடைசியில் என் வாயிலிருந்தே அது வந்துவிட்டது.

"பந்தயம்! எது மட்டமோ, அந்தக் கட்சிக்காரங்க வச்சினு கீற மொத்த புக்கையும் மத்தவங்களுக்குக் குடுத்துடணும்."

"எல்லாமேவா?" என்றாள் அவள்.

"எல்லாமே."

என்னிடம் முப்பத்தெட்டு புத்தகங்கள் இருந்தன. அப்பாவின் பழைய பச்சைத் தகரப் பெட்டியில் தேதி வாரியாக அடுக்கியிருந்தேன். ஒவ்வொரு ரெஸ்ட் நாளிலும் சாப்பிட்டு முடித்ததும் அப்பா, "பெட்டிய எடும்மா" என்பார். ஏதாவது ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, தெரிந்த கதையையே மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்பார். சொன்ன பிறகுதான் அதெல்லாம் எனக்கு உறைத்தது. வார்த்தையை விழுங்க முடியுமா?

தீர்ப்புச் சொல்ல யார் என்பதில் தகராறே இல்லை. அவள் அப்பா டேனரியில் செலக்டர். தோலைத் தடவி, மடித்து, மோந்து பார்த்துத் தரம் பிரிக்கிறவர். வடக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். பிறகு ஓரத்தில் நீலப் பென்சிலால் ஒரு கோடு போட்டால் முதல் தரம், இரண்டு கோடு இரண்டாம் தரம், மூன்று கோடு மூன்றாம் தரம். ஆங்கிலத்தில் 'ஆர்' போட்டால் ரிஜெக்ட். பார்க்கும்போது தோலுக்குச் சொந்தக்காரன் கிட்டே நிற்கக் கூடாது. மார்க்குக்குக் காரணம் கேட்கக் கூடாது. போட்ட மார்க்கைச் செலக்டரே கூட அழிக்கக் கூடாது. இது எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"சொந்தப் பொண்ணோட புக்குன்னு தெரியக் கூடாதே" என்றாள் அவளே. ஆகவே இரண்டு மலருக்கும் ஒரே தினுசாகச் செய்தித்தாளில் அட்டை போட்டோம். முன் அட்டை எது, பின் அட்டை எது என்று எங்களுக்கே தெரியாத அளவுக்கு மடித்து ஒட்டினோம். அந்த நேர்மைதான் வினையாக வந்தது.

வெள்ளிக்கிழமை டேனரி விடுமுறை. தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு செலக்டர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வடக்கு ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார். தெருவே வாசலில் நின்றது. உள்ளே பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் தண்ணீர் கேட்டார். அவள் டம்ளரோடு உள்ளே போனாள், வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு கதவு திறந்தது. செய்தித்தாளைப் பிரித்தோம். உள்பக்க ஓரத்தில், கப்பல் பையனுக்கு ஒரு கோடு. என் தீயணைப்பு வீரருக்கு 'ஆர்'.

மூன்றாம் தரம்கூட இல்லை, ரிஜெக்ட்! எனக்குக் காது அடைத்துவிட்டது. பஸ் கட்சி ஆர்ப்பரித்தது. அவள் மட்டும் சும்மா நின்றாள். தகரப் பெட்டியை நானே இழுத்துக்கொண்டு போய் அவர்கள் கூடத்தில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

ட்யூட்டி முடிந்து வந்த அம்மா விஷயத்தைக் கேட்டார்.

"யாரக் கேட்டு பந்தயம் கட்ன? நல்லா அழு" என்றார் முதலில். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "சொந்தப் பொண்ணு புக்கு அந்த மனுஷனுக்குத் தெரியாமலா இருக்கும்? அட்டை போட்டா மட்டும்?" என்றார்.

அம்மா அதைச் சும்மா, அசதியில் சொன்னார். எனக்கு அது மருந்து மாதிரி இறங்கியது. சனிக்கிழமை காலை துவைக்கிற கல்லில் ஏறி, அவள் தலை தெரிந்ததும் கத்தினேன்.

"உங்கப்பா போட்டது திருட்டு மார்க்கு!"

அவள் முகம் வெளுத்தது. அடிப்பாள் என்று நினைத்தேன். மதில் மேல் ஏறி என் பக்கம் குதித்து, என் கையைப் பிடித்து முருங்கை மரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"எங்கப்பாவ திருடன்னு சொல்லாத. அவருக்கு தமிழ் படிக்க வராது. நாம அட்டை ஒட்டிட்டோம், எந்தப் பக்கம் மொதல்னு தெரியல. உருது புக்கு எந்தப் பக்கம் தொறக்கும்? அந்தப் பக்கமே தொறந்தாரு. கடைசிலேருந்து மொதலுக்குப் பாத்தாரு."

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. எங்கள் கதையில் தீயணைப்பு வீரர் எரிகிற மாடியில் ஏறி, குழந்தையைத் தூக்கி வந்து தாயிடம் கொடுப்பார். பின்னாலிருந்து பார்த்தால்? தாய் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கி, ஏணியில் ஏறி, நெருப்புக்குள் வைத்துவிட்டு, வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்!

"பாவி, தண்ணி குடுக்கும்போதே பாத்துட்டியா? ஏன் சொல்லல? இப்பவே சொல்லலாம் வா" என்று கிளம்பினேன்.

"வேணாம்டீ." அவள் என் கையை விடவில்லை. "எங்க புக்குல மொதப் பக்கம் நெனப்பு கீதா?"

இருந்தது. பையன் தாயிடம் விடைபெறுகிறான். தாய் அவன் தலையில் கை வைத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அவன் தன்னந்தனியாக இன்னொரு தீவுக்குப் படகைத் தள்ளுகிறான், 'தொடரும்' என்று போட்டிருக்கும்.

"அப்பாவுக்கு அதுதான் கடைசிப் பக்கம். பையன் ஊரு ஊரா அலைஞ்சுட்டு வீட்டுக்கு வந்துட்டான், அம்மா தலைய தடவுதுன்னு நெனச்சுனு கீறாரு. அம்மீய கூப்ட்டு காட்னாரு. அம்மீ புக்க அலமாரில வச்சிட்டாங்க. நான் எப்டிடீ சொல்வேன்?"

அவளுடைய பாய்ஜான், அவள் ஒரே அண்ணன், அந்த வருஷத் தொடக்கத்தில்தான் சவுதிக்குப் போயிருந்தான். கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது என்று அவள் அம்மா என் அம்மாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் நல்ல பெண்ணாக அப்போதே மனம் மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. மறுநாள் அப்பா வருவார், "பெட்டிய எடும்மா" என்பார். அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. அவள் கூப்பிடக் கூப்பிட, சாயங்காலம் செலக்டர் சைக்கிள் சத்தம் கேட்டதும், பெட்டியோடு கொடுக்காமல் வைத்திருந்த, ரிஜெக்ட் ஆன என் மலரைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

என்னையும் உருதுவில் மகளே என்று கூப்பிடுகிறவர் அவர். பார்த்ததும், "வா பேட்டி, நல்ல நேரத்துல வந்த" என்றார். அலமாரியிலிருந்து கப்பல் பையன் மலரை எடுத்துவந்தார். பழக்கத்தில் அதற்கு மறுபடி செய்தித்தாள் அட்டை போட்டிருந்தார்கள். "படம் பாத்துட்டேன். பேச்சு இன்னான்னு தெரியல. நம்ம பொண்ணக் கேட்டா தலைவலின்றா. நீ படி. உங்க மாமியும் கேக்கணும்னு நிக்கிறாங்க."

புத்தகத்தை என் மடியில் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்துவிட்டார். கதவோரம் அவள் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் என் தோஸ்த், துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். என் நாக்கு நுனியில் உண்மை நின்றது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை முடிவைக் கேட்கப் போகிற முகம்.

'அடுத்த தீவை நோக்கி! தொடரும்' என்று இருந்ததை, "போதும் இந்தக் கடல்! இனி வீட்டுக்குத்தான்!" என்று படித்தேன்.

படிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது. புதையலைக் குகையிலிருந்து எடுக்கிற பையனை, "எனக்கு எதற்கு இந்தத் தங்கம்? இங்கேயே இருக்கட்டும்" என்று திரும்ப வைக்கச் செய்தேன். அடிபட்டு விழுந்து கிடந்த கொள்ளைக்காரர்கள் முந்தின பக்கத்தில் நிமிர்ந்து நின்றார்கள். என்ன செய்வது என்று திகைத்தேன். கதவோரத்திலிருந்து அவள் கட்டைக்குரலில், "டேய் மவனே, எங்கள மன்னிச்சிட்டியா? எழுந்துக்கிறோம்!" என்றாள். செலக்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொள்ளைக்காரர்கள் எல்லாம் அவள், பையன் நான். புயல் அடங்கியது, கிழிந்த பாய் தானாகத் தைத்துக்கொண்டது, கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. இரண்டு கம்பெனியும் சேர்ந்து அச்சடித்திருந்தாலும் அப்படி ஒரு கதை வந்திருக்காது.

கடைசியாக முதல் பக்கம். தாயின் வாயருகே 'போய் வா மகனே' என்று இருந்தது. நான், "வந்துட்டியா கண்ணு" என்றேன். மேடைத் தமிழ் வரவில்லை, வாயில் அதுதான் வந்தது. அவள் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

செலக்டரைப் பார்த்தேன். அவர் விரல் பக்கத்தின் மூலையில் இருந்தது. நான் படித்த நேரம் முழுக்க அது ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் இருந்திருக்கிறது. அவருக்குத் தமிழ் எழுத்துதான் தெரியாது. பகல் முழுக்கத் தோல் எண்ணுகிறவருக்கு எண் தெரியாதா? விரலுக்கு அடியில் எண் குறைந்துகொண்டே வந்து ஒன்றில் நின்றிருந்தது.

"அந்த இன்னொரு புக்க குடு" என்றார்.

என் மலரை வாங்கி, இந்தத் தடவை இடது பக்கமிருந்து திறந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். குழந்தை தாயிடம் வந்து சேர்ந்த படத்தில் நிறுத்தினார்.

"நல்ல மனுஷன் இவன். இவனப் போய் ரிஜெக்ட் பண்ணிட்டேனே!"

நீலப் பென்சிலை எடுத்து 'ஆர்' மேல் அழுத்தி ஒரு கோடு கிழித்தார்.

"அப்பா! போட்ட மார்க்க அடிக்கறீங்களா?" என்று அவள் பதறினாள்.

"தப்பாப் பாத்தா அடிக்கத்தான் வேணும்." பக்கத்தில் நேராக ஒரு கோடு போட்டார். முதல் தரம். "ரெண்டு பேரும் ஜெயிச்சீங்க. பொட்டிய எடுத்துனு போ பேட்டி."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப இந்த புக்கு மார்க்கு, மாமா?" என்று கப்பல் பையனைக் காட்டினேன்.

அவர் அதை மூடி மனைவி கையில் கொடுத்தார்.

"அது மாறாது. அத நீ படிச்சா மாதிரிதான் படிக்கணும்" என்றார்.

பெட்டியின் ஒரு பிடியை அவளும் ஒரு பிடியை நானும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் அப்பா வந்தார், சாப்பிட்டார், பெட்டியைக் கேட்டார். நான் கட்சி கட்டிய கதையைச் சொன்னதும், "கடையில அது ஒண்ணுதாம்மா வருது, அதான் வாங்கறேன். எனக்கு எந்தக் கம்பெனியா இருந்தா இன்னா?" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்!  அந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மா வெட்டிய கேக்கின் முதல் துண்டு மதிலைத் தாண்டித்தான் போனது. திருட்டு மார்க்கு என்று நான் கத்தியதை அவள் தன் அப்பாவிடம் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

தகரப் பெட்டி துருவேறி ஓட்டையாக, ஒரு மழைக்காலத்தில் உள்ளே இருந்த மொத்தத்தையும் கரையான் தின்றது. கோடு கிழித்த 'ஆர்' போட்ட மலரும் அதோடு போனது. ஆனால் அதற்கெல்லாம் முன்பு ஒரு நாள் மதிலுக்கு அப்பாலிருந்து அவள் ஊரே கேட்கக் கத்தினாள். "பாய்ஜான் வந்துட்டான்டீ!" நான் மதில் ஏறிக் குதித்து ஓடினேன். வாசலில் பெரிய சூட்கேஸோடு மீசை வைத்த ஒரு ஆள், அவன் தலையில் அவள் அம்மாவின் கை. செலக்டர் சைக்கிளை நிறுத்த மறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் என் கையைக் கிள்ளினாள்.

"மொதப் பக்கம்டீ!"

"போடீ, கடைசிப் பக்கம்" என்றேன்.

அங்கேயே சண்டை போட்டோம்.